மலர்க் கண்காட்சி இல்லாத நாளில் லால்பாகில் என்ன பார்க்கலாம்?

சேலத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பிப்ரவரி முதல் வாரம் குடும்பத்தோடு பெங்களூர் வருகிறார்களாம். ஒரு காலைப் பொழுதுதான் கையில் இருக்கிறது. குடியரசு தின மலர்க் கண்காட்சி முடிந்துவிட்டது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் லால்பாகில் பார்க்க என்ன மிச்சம் இருக்கும், முழங்கால் வலியுள்ள அம்மாவையும் ஆறாம் வகுப்புப் பையனையும் அழைத்துக்கொண்டு போவது வீண் அலைச்சல் ஆகிவிடாதா என்பது அவர் கேள்வி. இதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. பூ அலங்காரம் இல்லாவிட்டால் அது நம் ஊர் மாநகராட்சிப் பூங்கா மாதிரி இன்னொரு பூங்காதானே என்பதுதான் அது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்: இல்லை. கண்காட்சி முடிந்த வாரம்தான் லால்பாகைப் பார்க்க நல்ல நேரம். கூட்டம் கலைந்திருக்கும், மரங்கள் கண்ணில் படும்.

நான் பெங்களூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன். இருபத்தாறு வருடம், ஒவ்வொரு ஆண்டும் மாணவர்களை லால்பாகுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு வாரத்தில் நான்கு நாள் காலை நடை அங்கேதான். மரங்களைப் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். பாறையைப் பற்றிச் சொல்வது நிலவியல் படித்த நண்பர்கள் அருகில் நின்று எனக்குக் கற்பித்தது. வரலாற்றில் உறுதியானது எது, செவிவழியாக வந்தது எது என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன். லால்பாக் பலகைகளிலும் வழிகாட்டிகளின் வாயிலும் இரண்டும் கலந்தேதான் கிடக்கின்றன.

முதலில் பாறைக்குப் போங்கள். பலரும் கண்ணாடி மாளிகையில் தொடங்கி, நேரம் இருந்தால் பாறையைத் தொட்டுவிட்டு வருவார்கள். அதை அப்படியே திருப்பிப் போடச் சொல்கிறேன். தோட்டம் காலை ஆறு மணிக்குத் திறக்கும். ஆறரைக்குள் பாறைமேல் நின்றீர்களானால் வெயில் சாய்வாக விழும், கல்லில் உள்ள வரிகள் தெளிவாகத் தெரியும். பத்து மணிக்கு மேல் அங்கே நிற்க முடியாது. ஒரு துளி நிழல் இல்லாத வெறும் கல் அது. அம்மா ஏற வேண்டியதில்லை. அடிவாரத்திலேயே அதே கல்தான் தரையாக விரிந்திருக்கிறது, அங்கே உட்கார்ந்தே பார்க்கலாம்.

அந்தக் கல்லுக்குத் தீபகற்ப நைஸ் (Peninsular Gneiss) என்று பெயர். தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்கு அடித்தளமாகக் கிடக்கும் பாறை வகை இது. 1916-இல் மைசூர் நிலவியல் துறையைச் சேர்ந்த ஸ்மீத் என்பவர் இதற்கு இந்தப் பெயரை வைத்தார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1975-இல் இந்தக் குன்றைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்தது. சென்னைப் பரங்கிமலையில் இருக்கும் சார்னகைட் பாறைக்கும் இதே தகுதி உண்டு. பரங்கிமலைக்குப் போனவர்களில் எத்தனை பேர் அந்தக் கல்லைக் குனிந்து பார்த்திருப்பார்கள்? இங்கேயும் அப்படித்தான். மேலே ஏறிக் கோபுரத்தோடு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள், காலுக்குக் கீழே இருப்பதைக் கவனிப்பதில்லை.

பையனைக் குனியச் சொல்லுங்கள். வெளிர் நிறப் பட்டையும் கரும்பட்டையும் மாறி மாறி ஓடும். சில இடங்களில் நேராக, சில இடங்களில் ஆட்டிய மாவைக் கரண்டியால் சுழற்றியது போல வளைந்து நெளிந்து. வெளிர் பட்டையில் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும், கரும்பட்டையில் அபிரக வகைக் கனிமங்களும் அதிகம். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இளகி, இழுபட்டு, மடிந்து உண்டான கோலம் அது. மேலே மூடியிருந்த அத்தனையும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போன பிறகுதான் இந்தக் கல் வெளியே தலைகாட்டியது.

வயது எவ்வளவு என்று கேட்டால் பலகை 300 கோடி ஆண்டுகள் என்று சொல்லும். இது கட்டுக்கதை இல்லை. ஆனால் ஒரே நாளில் உறைந்த கல்லாக இதை நினைக்கக் கூடாது. இந்தப் பாறை வகை பல கட்டங்களாக, சுமார் 340 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 250 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை உருவானது என்று நிலவியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 300 கோடி என்பது அந்த நீண்ட காலத்தின் நடுவில் நட்ட ஒரு கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்புப் பையனுக்கு டைனோசர் தெரிந்திருக்கும். டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டுதான் ஆகிறது. இந்தக் கல் உருவான காலத்தில் மரம் இல்லை, புல் இல்லை, மீன்கூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மட்டும்தான். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் காற்றில் கணிசமாகச் சேரத் தொடங்கியதே சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் இந்த இடத்தில் எனக்கு எப்போதும் உடம்பு சிலிர்க்கும். ஒரு மரமும் இல்லாத உலகத்தின் கல்மேல் நின்றுகொண்டு, சுற்றிலும் 240 ஏக்கர் மரங்களைப் பார்க்கிறோம்.

குன்றின் உச்சியில் இருக்கும் சின்னக் கோபுரம் கெம்பே கவுடர் பெயரில் உள்ளது. ஹலசூர் ஏரி, கெம்பாம்புதி ஏரி, மேக்ரி வட்டம் ஆகிய இடங்களிலும் இதே மாதிரிக் கோபுரங்கள் உண்டு. நகரம் இந்த நான்கு எல்லை வரைதான் வளரும் என்று கெம்பே கவுடர் குறித்து வைத்ததாகக் கதை. கோபுரங்கள் பழையவை என்பதில் ஐயமில்லை. கட்டியவர் நகரத்தை உருவாக்கிய முதலாம் கெம்பே கவுடரா, அவருக்குப் பின்வந்தவரா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. எல்லை வகுத்த கதை பின்னால் ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம். பாதுகாப்புக்கான காவல் மேடை என்று சொல்பவர்களும் உண்டு. கதை எப்படியானாலும் மேலே நின்று பார்த்தால் நகரம் நான்கு திசையிலும் அந்த எல்லையைத் தாண்டிப் போய்விட்டது தெரியும்.

பாறையிலிருந்து இறங்கியதும் பையனுக்குக் காட்ட வேண்டிய அடுத்த பொருள் ஒரு கல்மரம். இது நம் மண்ணிலிருந்து போனது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் தேசியக் கல்மரப் பூங்கா இருக்கிறதே, அங்கிருந்து எடுத்து நிலவியல் ஆய்வுத் துறை லால்பாகுக்குக் கொடுத்தது. பார்த்தால் அடிமரத்துண்டு போலவே இருக்கும். தொட்டால்தான் கல் என்று தெரியும். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரங்கள் மணலுக்கடியில் புதைந்தன. காற்றுப் புகாததால் மட்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மெல்ல மெல்ல உள்ளே ஊறி, மரத்தின் திசுக்களில் படிந்து, அவை இருந்த இடத்தையே பிடித்துக்கொண்டது. அதனால்தான் மரத்தின் நார் ஓட்டம் கல்லிலும் அப்படியே தெரிகிறது. திருவக்கரை மரங்களில் கிளையும் வேரும் இருப்பதில்லை. அவை நின்ற இடத்திலேயே கல்லானவை அல்ல, அடித்துக்கொண்டு வரப்பட்டவை என்பதற்கு அதையே அடையாளமாகச் சொல்கிறார்கள். ஊர் திரும்பிய பிறகு வேறொரு விடுமுறையில் திருவக்கரைக்கும் அவனை அழைத்துப் போங்கள். அங்கே இதுபோல நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன.

சரி, தோட்டத்தின் கதைக்கு வருவோம். ஹைதர் அலி 1760-ஐ ஒட்டித் தொடங்கினார், மகன் திப்பு சுல்தான் விரிவாக்கினார் என்பது உறுதியான செய்தி. அப்போது சுமார் 40 ஏக்கர் என்று சொல்கிறார்கள். வெளிநாடுகளிலிருந்து விதையும் செடியும் தருவிப்பதில் திப்புவுக்கு ஆர்வம் இருந்ததும் தெரிந்த விஷயம்தான். ஆனால் லால்பாகில் வயதான மாமரம் எதைக் காட்டினாலும் ‘திப்பு நட்டது’ என்று யாராவது சொல்வார்கள். ஒன்றிரண்டு உண்மையாக இருக்கலாம். எல்லாவற்றையும் நம்ப வேண்டாம். லால் என்றால் சிவப்பு, சிவப்பு ரோஜாக்களால் வந்த பெயர் என்பார்கள். லால் என்பதற்கு அருமைக்குரியது என்றும் பொருள் உண்டு என்று இன்னொரு சாரார் சொல்வார்கள். இரண்டுக்கும் இடையே தீர்ப்புச் சொல்லப் போதுமான சான்று இல்லை.

இந்தக் கதையில் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பகுதி இருக்கிறது. பெங்களூரில் திகளர் என்று ஒரு சமூகம் உண்டு. பரம்பரையாகத் தோட்ட வேலையில் பெயர் பெற்றவர்கள். ஆண்டுதோறும் நடக்கும் கரகத் திருவிழாவை நடத்துபவர்கள் இவர்கள்தான். இவர்களில் பலர் வீட்டில் பேசுவது கன்னடமும் தெலுங்கும் கலந்த ஒரு தமிழ். லால்பாகைப் பராமரிக்க ஹைதர் அலி இவர்களைத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வரவழைத்தார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் இங்கே வந்து ஏரிக்கரைகளில் தோட்டம் போட்டிருந்தார்கள் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. கரகத்தின் பழமையும் நகரத்தைச் சுற்றி இருந்த அவர்களுடைய தோட்டங்களின் பரப்பும் அதையே காட்டுகின்றன. எது சரியானாலும், இந்தத் தோட்டத்தின் மண்ணைப் பதப்படுத்திய கைகளில் தமிழ் பேசிய கைகள் நிறைய இருந்தன என்பதில் ஐயமில்லை.

1856-இல் இது அரசுத் தாவரவியல் தோட்டமானது. அழகுக்காக வைத்திருக்கும் பூங்காவுக்கும் தாவரவியல் தோட்டத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. தாவரவியல் தோட்டம் ஒரு சோதனைக்கூடம். உலகத்தின் வேறொரு மூலையிலிருந்து ஒரு விதை வரும். இந்த மண்ணிலும் தட்பவெப்பத்திலும் பிழைக்கிறதா என்று நட்டுப் பார்ப்பார்கள். பிழைத்தால் கன்று போட்டு வெளியே கொடுப்பார்கள். இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்று வந்த ஜான் கேமரன் 1874 முதல் 1908 வரை இங்கே கண்காணிப்பாளராக இருந்தார். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக் காய்களும் மரங்களும் இங்கே நிறையச் சோதிக்கப்பட்டன. நம் வீட்டுக் கூட்டில் போடும் சௌசௌவை நம் பாட்டிமார் பெங்களூர் கத்திரிக்காய் என்பார்கள், நினைவிருக்கிறதா? அது மெக்சிகோ பக்கத்துக் கொடி. லால்பாக் வழியாகத்தான் இந்தப் பக்கம் பரவியது என்று சொல்வது வழக்கம். முதல் கொடி எந்த ஆண்டு ஊன்றப்பட்டது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் பெயரே வழியைக் காட்டுகிறது. அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பாறையைவிட இது அவருக்குப் பிடிக்கும்.

கேமரன் காலத்தில் எழுந்ததுதான் கண்ணாடி மாளிகை. 1889 நவம்பரில் விக்டோரியா அரசியின் பேரன் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார். முதலில் அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது. லண்டனில் 1851 கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி அரண்மனையை முன்மாதிரியாகக் கொண்டது என்பார்கள். அந்த லண்டன் கட்டடம் 1936-இல் எரிந்து போய்விட்டது, இது நிற்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் வார்த்த இரும்புத் தூண்களும் வளைவுகளும் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. கண்காட்சி நாள்களில் உள்ளே பூவால் கோபுரமும் கோயிலும் செய்து வைத்துவிடுவார்கள், கூட்டமும் நெருக்கித் தள்ளும், கட்டடத்தை யாராலும் பார்க்க முடியாது. காலியாக இருக்கும் நாளில் போனால்தான் தூண்களின் மெல்லிய வேலைப்பாடும் மேலே வெளிச்சம் வடிகட்டி இறங்கும் விதமும் தெரியும். நான் மாணவனாக முதன்முதலில் வந்தது ஓர் ஆகஸ்ட் கண்காட்சியின்போது. முன்னால் போனவர் முதுகைத் தவிர எதையும் பார்த்த நினைவில்லை. அந்த மாளிகையின் அழகை நான் கண்டது அதற்கு ஏழு மாதம் கழித்து, ஒரு வேலைநாள் காலையில்.

இப்போது மரங்கள். நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள். ஒரே ஒரு மரத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் பெரிய இலவ மரத்தைப் பாருங்கள். காவலாளியிடமோ தோட்டக்காரரிடமோ “பூருகத மரா எல்லி?” என்று கேட்டால் கை காட்டுவார்கள். பூருகம் என்பது இலவத்துக்குக் கன்னடப் பெயர். அடியில் போய் நின்றால் மரம் என்று தோன்றாது. மதில் சுவர் மாதிரி வேர்கள் தரைக்கு மேலே எழும்பி நாலா பக்கமும் ஓடும். இவற்றைப் பலகை வேர் என்போம். உயரமும் எடையும் கூடக்கூட, ஆழம் போகாத வேர்களால் மட்டும் மரம் நிற்க முடியாது. பந்தலுக்கு முட்டுக் கொடுப்பது போல இந்தப் பலகைகள் தாங்குகின்றன. இரண்டு பலகைகளுக்கு நடுவே உங்கள் பையன் நின்றால் தலை வெளியே தெரியாது. வேலிக்குள் இருக்கும் பகுதிக்கு மட்டும் போக வேண்டாம். வேர்மேல் ஆள்கள் ஏறி ஏறி மண் இறுகிப் போவதுதான் இத்தகைய மரங்களுக்குப் பெரிய கேடு.

இலவு காத்த கிளி கதை நமக்கெல்லாம் தெரியும். காய் பழுக்கும், தின்னலாம் என்று கிளி காத்திருக்க, காய் வெடித்துப் பஞ்சாகப் பறந்துவிட்டது. தலையணையில் அடைக்கும் அந்த இலவம்பஞ்சைத் தரும் மரம் இதுதான். மாணவர்களிடம் நான் சொல்லும் ஒரு நுணுக்கத்தை இங்கேயும் சொல்கிறேன். இந்த வெள்ளிலவு வெப்பமண்டல அமெரிக்காவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் இயற்கையாக வளர்வது. வெளிர் நிறப் பூ, இரவில் மலரும், வௌவால்கள் வந்து மகரந்தம் சேர்க்கும். பழந்தமிழ்ப் பாட்டுகளில் பெண்ணின் உதட்டுக்கு உவமையாக வரும் இலவம் செந்நிறப் பூ பூக்கும் நம் நாட்டு மரம், முள்ளிலவு. கிளி காத்தது எந்த மரத்தை? பழமொழியின் பழமையை வைத்துப் பார்த்தால் முள்ளிலவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டும் ஒரே குடும்பம், இரண்டின் காயும் வெடித்துப் பஞ்சு பறக்கும் என்பதால் பெயர் ஒன்றிலிருந்து மற்றதற்கு எளிதாகத் தாவிவிட்டது. பிப்ரவரியில் நீங்கள் பார்க்கும்போது இந்த மரம் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கலாம். பட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

அதன் வயது 200-க்கு மேல் என்பார்கள். இங்கே கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பேன். மரத்தின் வயதை வளையங்களை எண்ணிச் சொல்வது நான்கு பருவமும் தெளிவாக மாறும் குளிர்நாட்டு மரங்களில் நன்றாக நடக்கும். நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் பல மரங்களில் வளையம் தெளிவாக விழுவதில்லை. வெள்ளிலவு வேகமாகப் பருக்கும் மரம் வேறு. சுற்றளவை வைத்து மதிப்பிட்டால் உள்ளதைவிட வயது கூடுதலாகத்தான் தோன்றும். பழைய மரம், மிகப் பழைய மரம், அவ்வளவு உறுதி. எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் நாகலிங்க மரம். சிவன் கோயில்களில் பார்த்திருப்பீர்கள். கிளை நுனியில் பூக்காமல் அடிமரத்திலிருந்தே கொத்துக் கொத்தாகப் பூக்கும். பூவின் நடுவே லிங்கம் போல ஒன்று, மேலே நாகம் படமெடுத்தது போல மகரந்தத் தாள்கள் கவிந்திருக்கும். இவ்வளவு பொருத்தமாக இருப்பதால் ஆதிகாலத்திலிருந்தே நம்முடையது என்று நினைக்கிறோம். இது தென்னமெரிக்க மரம். கடல் கடந்து வந்து, கோயிலுக்குள் இடம்பிடித்து, நம்முடையதாகவே ஆகிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை, மகிழ்ச்சிதான். காய் பீரங்கிக் குண்டு அளவுக்கு உருண்டையாக, கனமாக இருக்கும். பையனை மரத்துக்கு நேர் கீழே நிற்கவிடாதீர்கள். உடைந்து கிடக்கும் காய் பக்கம் போனால் நாற்றம் தாங்காது, பூவோ அவ்வளவு மணம்.

தூங்குமூஞ்சி மரங்கள் நிறைய இருக்கின்றன. குடை விரித்தது போன்ற அவற்றின் நிழலில்தான் அம்மாவை உட்காரவைக்கச் சொல்வேன். சாயங்காலம் சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக மடிந்துகொள்ளும், மேகம் மூடினாலும் மடியும். நம் ஊர்க்காரர்கள் வைத்த பெயருக்கு அதுதான் காரணம். இதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. கண்ணாடி மாளிகைப் பக்கம் ஊசிக் கோபுரமாக உயர்ந்து நிற்பவற்றைக் கிறிஸ்துமஸ் மரம் என்பார்கள். அவை பசிபிக் கடலின் நியூ கலிடோனியாத் தீவைச் சேர்ந்த அரகேரியா, ஆங்கிலத்தில் குக் பைன். உலகெங்கும் நட்டிருக்கும் இந்த மரங்களை அளந்து 2017-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருப்பவை தெற்கு நோக்கியும், தெற்கே இருப்பவை வடக்கு நோக்கியும் சாய்கின்றன என்று கண்டிருக்கிறார்கள். ஏன் என்பதற்கு முடிவான விடை இன்னும் இல்லை. பெங்களூர் நிலநடுக்கோட்டுக்கு அதிகத் தொலைவில் இல்லாததால் இங்கே சாய்வு குறைவாகத்தான் இருக்கும். பையன் கைபேசியில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு எது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கட்டும். என் மாணவர்களுக்கு வருடா வருடம் நான் கொடுத்த வேலைகளில் அவர்கள் விரும்பிச் செய்தது இது ஒன்றுதான்.

பிப்ரவரியில் வருகிறீர்கள் என்பதால் டபேபுயா மரங்கள் சில பூத்திருக்க வாய்ப்பு அதிகம். இலையெல்லாம் உதிர்ந்து, கிளை முழுக்க இளஞ்சிவப்போ மஞ்சளோ பூவாக நிற்கும். பெங்களூரில் ஒரு மரம் ஓய்ந்ததும் இன்னொன்று பூக்கும் வரிசையை ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநரான கிரும்பிகல் திட்டமிட்டார் என்று நீங்கள் எங்காவது படித்திருக்கலாம். 1865-இல் பிறந்தவர். கியூவில் வேலை பார்த்து, 1893-இல் பரோடா வந்து, 1908-இல் மைசூர் அரசின் பணிக்கு வந்தார். 1956-இல் இறக்கும்வரை பெங்களூர்தான் அவருக்கு ஊர். தொடர்பூக்கும் யோசனை அவருடையது என்பது சரியே. ஆனால் இன்று தெருவெங்கும் பூக்கும் அத்தனை மரத்தையும் அவர் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. 1980-களில் நெகின்ஹாள் என்ற வனத்துறை அதிகாரியின் முயற்சியில் நகரமெங்கும் லட்சக்கணக்கான கன்றுகள் நடப்பட்டன. இப்போது சமூக வலைதளங்களில் சுற்றும் இளஞ்சிவப்புச் சாலைப் படங்களில் பல அந்தக் கன்றுகளாக இருக்கும்.

தெற்குப் பக்கத்தில் ஏரி. பறவைகளில் நான் கற்றுக்குட்டிதான். இருந்தாலும் காலையில் நீர்க்காகம் இறக்கை விரித்துக் காயவைப்பதையும், கூழைக்கடா மிதப்பதையும், கரையோரப் புதரில் நீலத் தாழைக்கோழி நடப்பதையும், மேலே செம்பருந்து வட்டமிடுவதையும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கரையில் நடைபாதை சமதளம், அம்மாவும் கொஞ்சம் நடக்கலாம்.

மலர்க் கடிகாரம், போன்சாய்ப் பகுதி, வெட்டி உருவம் கொடுத்த செடிகள் இவையெல்லாம் வழியில் வந்தால் பாருங்கள், தேடிப் போக வேண்டாம். கடிகாரம் எச்.எம்.டி. கைக்கடிகார நிறுவனம் அமைத்தது. படம் எடுத்துக்கொள்ள நன்றாக இருக்கும், ஐந்து நிமிடத்துக்கு மேல் அங்கே வேலையில்லை. பழைய வாத்திய மேடையும் புறாக்கூண்டும் அழகானவை. கண்ணாடி மாளிகைக்குப் போகும்போது ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

வழி பற்றி: மெட்ரோவில் பச்சைத் தடத்தில் லால்பாக் என்றே நிலையம் இருக்கிறது. அங்கே இறங்கினால் மேற்கு வாசல் கிட்டம், ஆனால் பாறை தூரம். நான் சொன்ன வரிசைப்படி பார்ப்பதானால் ஆட்டோவோ வாடகைக் காரோ பிடித்து டபுள் ரோடு வாசலில் இறங்குங்கள், பாறை பக்கம். வண்டி நிறுத்தவும் அங்கேதான் இடம் உண்டு. உள்ளே பேட்டரி வண்டி ஓடுகிறது. அம்மாவுக்கு அது போதும், ஆனால் அதிகாலையிலேயே ஓடாது. ஆகவே பாறையும் கல்மரமும் நீங்களும் பையனும் முதலில் பார்த்துவிடுங்கள், அம்மா அடிவாரத்தில் காற்று வாங்கட்டும். வண்டி கிளம்பியதும் மூவருமாக மரங்களுக்கும் மாளிகைக்கும் போகலாம். கட்டணம் அவ்வப்போது மாறும், வாசலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பையும் தின்பண்டப் பொட்டலமும் கொண்டுபோக வேண்டாம், வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், அம்மாவுக்கு ஒரு குடை, பையனுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

பத்து மணிக்குள் வெளியே வந்துவிட்டால் பிரதான வாசலிலிருந்து நடக்கும் தூரத்தில் எம்.டி.ஆர். உணவகம் இருக்கிறது, 1924-இல் தொடங்கியது. ரவை இட்லி சாப்பிடலாம். சனி ஞாயிறு என்றால் அங்கே காத்திருக்க வேண்டி வரும். அம்மாவால் அவ்வளவு நேரம் நிற்க முடியாது என்பதால், முடிந்தால் செவ்வாயோ புதனோ பார்த்து வாருங்கள்.